அம்மாவை எப்போ எடுக்கறீங்க

என் லாட்ஜின் மாடியில், கடைசி அறையில், ஒரு பழைய சினிமா நடிகை குடியிருக்கிறார். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அறுபது தாண்டியவர்கள் ‘அடேயப்பா, அவங்களா’ என்று வாயைப் பிளப்பார்கள். மற்றவர்கள் ‘யாரு?’ என்பார்கள். இரண்டுமே அவருக்குப் பிடிக்காது. இங்கே எல்லோரும் அவரை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். பால்காரர், டிபன் கொண்டுவருகிறவர், ஆட்டோ ஸ்டாண்டுக்காரர்கள், நான், எல்லோருக்கும் அவர் அம்மா. அப்படிக் கூப்பிடாதவர் ஒரே ஒருவர்தான். அந்த ஒருவரை நினைத்தால் இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

குற்றாலத்தில் லாட்ஜ் நடத்துகிறவர்களுக்கு வருஷத்தில் மூன்று மாதம்தான் உயிர். சாரல் கட்டினால் மாடிப்படியில்கூடப் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம் என்று ஆட்கள் வருவார்கள். கார்த்திகை மார்கழியில் ஐயப்ப சாமிமார் வருவார்கள். பங்குனி சித்திரையில் அருவிப் பாறை காய்ந்து கிடக்கும். அப்போது குரங்குகளுக்கு மட்டும்தான் நான் வீட்டுக்காரம்மா. என் வீட்டுக்காரர் காலமான பிறகு லாட்ஜை நான்தான் பார்க்கிறேன். என் வாய்க்கு எந்த மேனேஜரும் நிலைக்க மாட்டான் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். உண்மைதான், மறுப்பதற்கில்லை.

அம்மா ஒரு சீசனுக்கென்று வந்தவர். மூட்டுவலிக்கு அருவித் தண்ணீர் நல்லது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சீசன் முடிந்தது, சாரல் நின்றது, மற்றவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போனார்கள், அவர் போகவில்லை. நான் மாடிக்குப் போய், “எப்பம்மா கெளம்புதிய?” என்று கேட்டேன். “எங்கே?” என்று திருப்பிக் கேட்டார். குத்தலாகக் கேட்கவில்லை. போவதற்கு ஒரு இடம் இருந்தால் சொல்லேன் என்கிற மாதிரி கேட்டார். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன. என்னை லாட்ஜம்மா என்று கூப்பிடுவார். வேறு யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆள் இல்லாத மாதங்களில் சாயங்காலம் வராண்டாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு அவர் பேசுவார், நான் கீரை ஆய்ந்துகொண்டே கேட்பேன். அப்படித்தான் அவருடைய கதை எனக்குத் தெரியும். தஞ்சாவூர்ப் பக்கத்து நாடகக் கம்பெனி ஒன்றில் வளர்ந்தவர். பல் விழுந்து முளைக்கிற வயதில் பாலகிருஷ்ணன் வேஷம் கட்டியிருக்கிறார். மெட்ராஸுக்குப் போய் குரூப் டான்ஸில் பின்வரிசையில் ஆடிக்கொண்டிருந்தவரை ஒரு டைரக்டர் முன்னால் இழுத்து நிறுத்தினாராம். காரணம் கண். அழாமல் இருக்கும்போதே அழுகிற கண். அதுவே அவருக்குச் சோறும் போட்டது, அதுவே வினையாகவும் முடிந்தது. அந்தக் கண்ணைப் பார்த்த ஒவ்வொரு தயாரிப்பாளருக்கும், இவளைச் சாகடித்தால் படம் ஓடும் என்று தோன்றிவிட்டது.

படத்துக்குப் படம் செத்தார். இடைவேளை முடிந்து கொஞ்ச நேரத்தில் சாவு வந்துவிடும். காசநோயில் இருமி இருமிச் செத்தார். பாம்பு கடித்துச் செத்தார். கணவனுக்கு யாரோ கலந்து வைத்த விஷத்தைத் தான் குடித்துச் செத்தார். ஹீரோ ஒரு சோகப்பாட்டைப் பாடி முடித்துவிட்டு, இன்னொரு கதாநாயகியைக் கட்டிக்கொள்வார். அந்த இன்னொரு கதாநாயகியும் பெரும்பாலும் ஒரே ஆள்தான். அந்த அம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தாலே இவருக்கு முகம் சுண்டிவிடும். சாவதற்கு நிறையத் தொழில் தெரிந்திருக்க வேண்டும் என்பார் அம்மா. மூச்சை நெஞ்சில் விடக் கூடாது, சேலைக்கட்டுக்குக் கீழே அடிவயிற்றில் விட வேண்டும். கண்ணைத் திறந்தபடி சாகிற காட்சி என்றால் லைட் சூட்டில் கண்ணீர் முட்டும். அதனால் லைட் போடுகிறவர்களிடம் மரியாதையாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டும். இதையெல்லாம் அவர் சமையல் குறிப்பு சொல்வது போலச் சொல்லுவார். நானும் சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறேன்.

வயது முப்பதைத் தாண்டியதும் அம்மா வேஷத்துக்குத் தள்ளிவிட்டார்கள். நேற்றுவரை மரத்தைச் சுற்றி அவரைத் துரத்திய ஹீரோ, இன்று காலில் விழுந்து ‘ஆசீர்வாதம் பண்ணும்மா’ என்றார். அந்த ஹீரோவுக்கு இவரைவிடப் பத்துப் பதினைந்து வயது கூட. ‘தலையில வெள்ளை அடிச்சுக்கிட்டு நிக்கறேன், அவர் தலையில கறுப்பு அடிச்சுக்கிட்டு விழறார்’ என்று சொல்லிச் சிரித்தார். அப்புறம் டிவி சீரியலில் மாமியார். அப்புறம் மாமியாருக்கு மாமியார். அப்புறம் ஒன்றுமில்லை.

இத்தனை பேருக்குத் திரையில் அம்மாவாக இருந்தவருக்கு நிஜத்தில் ஒரு மகன் உண்டு என்பது வெளியே யாருக்கும் தெரியாது. கொடிகட்டிப் பறந்த நாட்களில், நெஞ்சில் சளி, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருக்கிறார் என்று பத்திரிகைக்குச் சொல்லிவிட்டு, ஏதோ ஒரு மலைப்பிரதேசத்தில் சில மாதங்கள் இருந்தார். திரும்பி வரும்போது அவருடைய தங்கை கையில் குழந்தை இருந்தது. தங்கைக்குக் கல்யாணமாகிப் பிள்ளை இல்லாமல் இருந்தது. குழந்தையின் தகப்பன் பணம் போட்டுப் படம் எடுத்தவர், குடும்பஸ்தர். அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை, நானும் தோண்டவில்லை. கல்யாணமாகாத கதாநாயகி பிள்ளை பெற்றாள் என்று தெரிந்தால் மறுநாளே வேலை போய்விடுகிற காலம். வேலை போனால் தங்கை வீடு உட்பட ஒரு பெரிய குடும்பத்துக்கு அடுப்பு எரியாது. ஆகவே அந்தப் பிள்ளை தங்கையை அம்மா என்று கூப்பிட்டு வளர்ந்தது. இவரைப் பெரியம்மா என்றது.

தங்கை இறந்தபோது இவர் சென்னைக்குப் போனார். அவன் கொள்ளி வைத்தான், இவர் பெரியம்மாவாக ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பி வந்தார். சாவதற்கு முன்னால் தங்கை அவனிடம் உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் போயிருக்கிறாள். அதை அம்மா என்னிடம் சொன்ன சாயங்காலம் நன்றாக நினைவிருக்கிறது. “அவனுக்குத் தெரியும், லாட்ஜம்மா. தெரிஞ்ச பிறகும் பெரியம்மான்னுதான் கூப்பிடறான். நான் வேற ஒண்ணும் கேக்கல. சாகறதுக்குள்ள ஒரு வாட்டி நேர்ல வந்து அம்மான்னு கூப்பிட்டுட்டான்னா போதும்” என்றார். நான் கீரைக்கட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

அந்த மனிதருக்கும் இப்போது தலை நரைத்திருக்கும். ஏதோ பெரிய கம்பெனியில் பெரிய வேலை. அறை வாடகை மாதம் தவறாமல் வந்துவிடும், ஆள் மட்டும் வந்ததில்லை. எப்போதாவது எனக்குப் போன் செய்து, ‘பெரியம்மா எப்படி இருக்காங்க மேடம்?’ என்று விசாரிப்பார். பக்கத்தில்தான் இருக்கிறார், கொடுக்கட்டுமா என்று கேட்டால், மீட்டிங் இருக்கிறது என்பார். அவர் பக்கமும் நியாயம் இருக்கலாம். பெற்றவள் யாரென்று நடுவயதில் தெரிந்துகொள்வது லேசான காரியமில்லை. பள்ளிக்கூடத்தில் பெரியம்மா சினிமாக்காரி என்று எத்தனை கேலியோ. இதையெல்லாம் நான் யோசித்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் என்ன யோசித்தாலும், மாடி வராண்டாவில் ஒவ்வொரு கார் சத்தத்துக்கும் எட்டிப் பார்க்கிற ஒரு கிழவியைத் தினமும் பார்க்கிறவள் நான். நியாயம் பேசுவது எனக்குக் கஷ்டம்.

போன பங்குனியில் அம்மா குளியலறையில் மயங்கி விழுந்தார். ஆம்புலன்ஸ் வந்தது, கடைத்தெருவே வேடிக்கை பார்த்தது. தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குளுக்கோஸ் ஏற்றி, ஒரு ராத்திரி வைத்திருந்து, ஒன்றுமில்லை வெயிலும் தள்ளாமையும்தான் என்று மறுநாள் காலையில் அனுப்பிவிட்டார்கள். நான் என் பழைய காரை எடுத்துக்கொண்டு போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பும்போது, “நிறுத்து, நிறுத்து” என்றார். ஆள் உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். மேலே இரண்டு பக்கமும் அழுகிற கண்கள், நடுவில் ‘கண்ணீர் அஞ்சலி’, கீழே இவர் பெயர். ‘கலைத்தாயின் தவப்புதல்வி’, ‘எங்கள் குலவிளக்கு’, இன்னும் என்னென்னவோ. ஆம்புலன்ஸைப் பார்த்த யாரோ யாருக்கோ சொல்லி, விடிவதற்குள் அது வாட்ஸ்அப்பில் காலமானார் என்று ஆகிவிட்டிருக்கிறது. ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் கேட்கவில்லை. எங்கள் ஊரில் செத்த செய்தி வந்தால் முதலில் ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போவார்கள். யார் முதலில் கட்டுகிறார்கள் என்பதில் ஒரு போட்டி உண்டு.

நான் பதறிப்போய் அம்மா முகத்தைப் பார்த்தேன். அவர் கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு ஃப்ளெக்ஸையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். “செத்ததுகூடப் பரவாயில்லை. அவ படத்தைப் போட்டிருக்காங்க பாரு” என்றார். நானும் அப்போதுதான் கவனித்தேன். ஃப்ளெக்ஸில் சிரித்துக்கொண்டிருந்தவர், படத்துக்குப் படம் இவர் செத்ததும் ஹீரோவைக் கட்டிக்கொண்டாரே, அந்த அம்மாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவரும் சிரித்தார். காரை ஓரத்தில் போட்டுவிட்டு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் போன் அடித்தது. அந்த மகன்தான். எனக்கு ஒரு காது மந்தம், அதனால் போனை எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

“மேடம், நியூஸ் பார்த்தேன். அம்மாவை எப்போ எடுக்கறீங்க?” என்றார்.

பிணத்தை எப்போது எடுக்கிறீர்கள் என்பது சாவு வீட்டுக்குப் போன் செய்கிற யாரும் கேட்கிற கேள்விதான். ஆனால் அதற்கு முன்னால் அவர் சொன்ன வார்த்தை எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ‘அட, நல்லா இருக்காங்க’ என்று சொல்ல நான் வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. குளுக்கோஸ் ஊசி குத்திய இடத்தில் பஞ்சு ஒட்டியிருந்த கை. அவ்வளவு பலம் அதில் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

அவர் தொடர்ந்து பேசினார். குரல் உடைந்திருந்தது. “நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க மேடம். மதியம் மதுரைக்கு ஃப்ளைட் இருக்கு, அங்கேருந்து கார்ல வந்துடறேன். அம்மாவுக்குக் கொள்ளி நான்தான் வைக்கணும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டினார். “சரி, வாங்க” என்றேன். ஒரு பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. போன் கட்டானது.

“ரெண்டு வாட்டி சொன்னான், கேட்டியா?” என்றார் அம்மா.

எனக்கு இது சரியாகப் படவில்லை. உயிரோடு இருக்கிறவரைச் செத்ததாக நினைக்கவிட்டு ஒரு மனிதனை அவ்வளவு தூரம் இழுத்தடிப்பது பாவம் என்று சொன்னேன். இப்போதே கூப்பிட்டு உண்மையைச் சொல்லிவிடுவோம், இவ்வளவு துடிக்கிறவர் எப்படியும் வருவார் என்றேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. “சொன்னா வர மாட்டான். வந்து பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும். திட்டுவான். திட்டட்டுமே, எதிர்ல நின்னு திட்டட்டும்” என்றார். நான் காரைக் கிளப்பினேன். வழியெல்லாம் அந்த மகன் வந்து சேர வேண்டும் என்று நானும் மனசுக்குள் வேண்டிக்கொண்டேதான் ஓட்டினேன்.

லாட்ஜ் வாசலில் பாத்திரக்கடை அண்ணாச்சி பெரிய ரோஜா மாலையோடு நின்றிருந்தார். சுரண்டைக்காரர், தென்காசியில் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அம்மாவுக்கு ரசிகர் மன்றம் வைத்திருந்தவர். இப்போது மன்றம் என்பது அவரும் அவருடைய போனும்தான். வருஷா வருஷம் அம்மா பிறந்தநாளுக்குப் பெரிய கோவிலில் அர்ச்சனை செய்து பிரசாதம் கொண்டுவந்து கொடுப்பார். அந்த ஃப்ளெக்ஸும் அவர் வைத்ததுதான் என்று அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. கார்க் கதவைத் திறந்துகொண்டு அம்மா இறங்கியதும், மாலையைக் கீழே போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். “கோட்டி பிடிச்ச வேலை பாத்துட்டேன்மா. கடைக்காரன் நெட்டுல எடுத்துப் போட்டுட்டான், படத்தக்கூட நான் சரியாப் பாக்கல” என்றார்.

அம்மா அவரை உள்ளே கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்து, சென்னையிலிருந்து நெருங்கிய உறவுக்காரர் ஒருவர் வருகிறார், அவர் வந்து சேரும்வரை யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி கோவில் மேல் சத்தியம் செய்தார். மாலையோடு வந்த இரண்டு மூன்று பேரை, ‘இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து வரல’ என்று சொல்லி அவரே திருப்பி அனுப்பினார். நான் கேட்டைப் பூட்டினேன்.

மதியம் முழுக்க நாங்கள் சமைத்தோம். நான் சமைத்தேன் என்பதுதான் சரி. அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு தொந்தரவு செய்தார். “அவனுக்கு என்ன பிடிக்கும்?” என்று என்னைக் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? சின்ன வயதில் என்ன சாப்பிடுவார் என்று கேட்டேன். யோசித்தார். ஷூட்டிங் முடித்து இவர் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அவன் தூங்கியிருப்பானாம். கடைசியில் ஒரு பாயசம், ஒரு அவியல், உருளைக்கிழங்கு வறுவல் என்று யாருக்கும் பிடிக்கிற மாதிரி வைத்தோம். காபிக்குச் சர்க்கரை போடுவானா மாட்டானா என்று அது வேறு ஒரு கவலை.

அப்புறம் எந்தச் சேலை கட்டுவது என்று ஆரம்பித்தார். பட்டு எடுத்தார், சினிமாக்காரி மாதிரி இருக்கிறது என்று வைத்துவிட்டார். வெள்ளை எடுத்தார், அது இன்றைக்கு வேண்டாம் என்று நானே பிடுங்கி வைத்தேன். கடைசியில் ஒரு சாதாரண நீலக் கட்டம் போட்ட சுங்குடிச் சேலை. பவுடர்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. வராண்டா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அவன் படியேறி வரும்போது எழுந்து நிற்கலாமா, உட்கார்ந்தே இருக்கலாமா என்று கேட்டார். உட்கார்ந்தே இருங்கள், நின்றால் பயந்துவிடுவார் என்றேன். எத்தனையோ மகன்களிடம் பக்கம் பக்கமாக வசனம் பேசியவர், இந்த மகனிடம் முதலில் என்ன பேசுவது என்று தெரியாமல் தவித்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு இது நல்லபடியாக முடிந்துவிடும் என்றுகூட ஒரு ஆசை வந்துவிட்டது.

மூன்று மணி வாக்கில் மதுரையில் இறங்கிவிட்டேன் என்று மெசேஜ் வந்தது. அப்புறம், ராஜபாளையம் தாண்டிவிட்டோம் என்று ஒன்று. அதைச் சத்தமாகப் படித்துக் காட்டச் சொன்னார். படித்துக் காட்டினேன். மறுபடியும் படிக்கச் சொன்னார்.

வெயில் இறங்குகிற நேரத்தில் போன் அடித்தது. பக்கத்தில் வந்து வழி கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு எடுத்தேன்.

“மேடம், வாசுதேவநல்லூர்ல டீ குடிக்க நிறுத்தினோம். டிரைவர் போன்ல ஒரு வீடியோ காட்டினார். பெரியம்மா நல்லாத்தான் இருக்காங்கன்னு கோவில்ல யாரோ பேசியிருக்காங்களே?”

பெரியம்மா. நாற்காலியில் இருந்தவர் அசையவில்லை.

நான் தடுமாறினேன். ஆமாம், கடவுள் புண்ணியத்தில் நல்லா இருக்கிறார், நீங்கள் வாருங்கள், வந்து பேசிக்கொள்ளலாம் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை என்று இப்போது தோன்றுகிறது. பெரிய நிம்மதி என்றார். ஆபீஸில் நாளைக்கு முக்கியமான வேலை, காரியம் என்று சொல்லித்தான் லீவு எடுத்தேன், இப்படியே திரும்பினால் ராத்திரி ஃப்ளைட்டைப் பிடித்துவிடலாம் என்றார்.

“இன்னும் ஒரு மணி நேரம்கூட இல்லையே, தம்பி. இவ்வளவு தூரம் வந்துட்டு மொகத்தக் காட்டாமப் போவியளா? பக்கத்துலதான் இருக்காவ. கேட்டுக்கிட்டுத்தான் இருக்காவ. ஒரு வார்த்தை பேசுங்க” என்றேன். அவரைத் தம்பி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். “இங்க டவர் சரியில்ல மேடம். பெரியம்மாவைப் பார்த்துக்கோங்க. அடுத்த தடவை மட்டும் கொஞ்சம் கன்ஃபர்ம் பண்ணிட்டுச் சொல்லுங்க. கண்டிப்பா வர்றேன்.”

போனைச் சுவரில் அடித்திருப்பேன். அம்மா என்னைப் பார்த்து, “விடு” என்றார். அவ்வளவுதான். அவர் முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் இல்லை. பாயசம் கெட்டுப்போய்விடும், ஆட்டோ ஸ்டாண்டுக்குக் கொடுத்து அனுப்பு என்றார். நான் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பாட்டம் அழுதேன். என் மகள் பெங்களூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவாள். அன்றைக்கு ஞாயிறு இல்லை, இருந்தும் அவளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை.

மறுநாள் காலையில் அண்ணாச்சி வந்தார். கையில் தேங்காய் மூடி, பழம், பூ, குங்குமம் வைத்த தட்டு. அவர் வாயைத் திறப்பதற்குள் நான் பிடித்துக்கொண்டேன். கோவில் மேல் சத்தியம் செய்துவிட்டுக் கோவிலிலேயே போய் உளறிவிட்டீரே, உமக்கெல்லாம் எதற்கு வாய் என்று கேட்டேன். இன்னும் கெட்ட வார்த்தையும் சொன்னேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நடந்ததைச் சொன்னார்.

உயிரோடு இருக்கிறவருக்கு அஞ்சலி ஃப்ளெக்ஸ் வைத்தது அவர் மனசை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அந்தத் தோஷம் அம்மாவைப் பிடித்துவிடக் கூடாதே என்று, சாயங்காலம் நடை திறந்ததும் தென்காசிப் பெரிய கோவிலுக்கு ஓடியிருக்கிறார். அம்மா பேர், நட்சத்திரம் சொல்லி ஆயுசுக்கு அர்ச்சனை செய்யச் சொல்லியிருக்கிறார். அர்ச்சகர் தட்டை வாங்கவில்லை. காலையில்தானே உங்கள் ஃப்ளெக்ஸைப் பார்த்தேன், இறந்தவர்கள் பேருக்கு அர்ச்சனை செய்யக் கூடாது, வேண்டுமானால் மோட்ச தீபம் போட்டுத் தருகிறேன் என்றிருக்கிறார். சாமி முன்னால் நின்றுகொண்டு அம்மாவுக்கு மோட்ச தீபம் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவருக்குத் தாங்கவில்லை. “இருக்காவ சாமி, எங்க அம்மா உசுரோட இருக்காவ, நல்லா இருக்காவ” என்று அழுது அரற்றிவிட்டார். வரிசையில் நின்ற யாரோ அதைப் போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம்தான் அர்ச்சகர் தட்டை வாங்கி அர்ச்சனை செய்து கொடுத்திருக்கிறார். அவ்வளவுதான் நடந்தது.

இதற்கு நான் யாரைத் திட்டுவது? அந்த மனுஷனைப் போல அம்மா மேல் உயிரை வைத்தவர் யாரும் இல்லை. வருஷா வருஷம் பிறந்தநாளை நினைவு வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். வருகிறவர் யார் என்றுகூட அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நாக்கைக் கடித்துக்கொண்டு அந்தத் தீபத்தை ஏற்றியிருப்பார். எனக்குத் திட்டுவதற்கும் தெம்பு போய்விட்டது. மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா அவரிடம் கோபப்படவில்லை. குங்குமத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார், பூவைத் தலையில் வைத்துக்கொண்டார். சென்னை உறவுக்காரர் எப்போது வந்தார், எப்போது போனார் என்று அண்ணாச்சி கேட்டதற்கு, அவசர வேலை வந்துவிட்டது, அடுத்த தடவை வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார் என்றார். சொல்லும்போது அவர் முகம் தெளிவாகத்தான் இருந்தது. அடுத்த தடவை என்றால் எப்போது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்றைக்கு அவன் நிச்சயம் வருவான், நிச்சயம் அம்மா என்று கூப்பிடுவான். அதை அவர் தன் காதாலேயே கேட்டுவிட்டார் அல்லவா? அந்தத் தெளிவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

இதெல்லாம் தெரியாத அண்ணாச்சி, மனசு லேசானவராக எழுந்து அம்மா காலைத் தொட்டுக் கும்பிட்டார்.

“ஒண்ணும் நெனைக்காதியம்மா. இப்படிப் பொய்ச்சாவு சேதி வந்துச்சுன்னா ஆயுசு கெட்டின்னு சொல்லுவாவ. பாருங்க, இன்னும் பத்து வருசம் இருப்பிய.”

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தார்.

“பத்து வருஷமா?” என்று கேட்டார்.

முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், அப்போதுதான் அழ ஆரம்பித்தார்.